மூச்சை விடச் சொல்ல மறந்தவர்

எங்கள் பிரிவில் அவருக்குப் பெயர் சுவர். நான் வைத்த பெயர்தான். ஸ்கேன் எந்திரத்தை ஓட்டுவது அவர் வேலை, ஸ்கேனுக்கு வருகிறவர்களுக்கு ஊசி போடுவது என் வேலை. என் அறைக்கும் அவர் அறைக்கும் நடுவில் ஒரு கதவு, அதுவும் எப்போதும் திறந்தே இருக்கும். சேர்ந்த புதிதில் ஒருநாள் அவரிடம் ஏதோ கேட்டேன். பதிலுக்குக் காத்திருந்தேன். டீ ஆறியது. கடைசியில் கேள்வியும் நானே, பதிலும் நானே என்று ஆனது. "உங்ககிட்டப் பேசுறதுக்கு சுவத்துக்கிட்டப் பேசலாம்ணா. அதுக்காவது காது இருக்குன்னு சொல்றாங்க" என்றேன். கோபப்படுவார் என்று பார்த்தால், "சரிங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு எந்திரத்தைத் துடைக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து தரை துடைக்கும் அம்மா முதல் டாக்டர்கள் வரை எல்லாருக்கும் அவர் சுவர்தான். போனில் அவரிடமே, "சுவர் இருக்காரா?" என்று கேட்டவர்கள் உண்டு. "பேசுறேன்" என்பார்.

அவர் முகத்தைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. எங்களிடம் வருகிறவர்கள் எல்லாரும் புற்றுநோயோடு வருகிறவர்கள், அல்லது அதுவாக இருக்குமோ என்ற பயத்தோடு வருகிறவர்கள். படம் எடுத்து முடித்ததும் அவர்கள் கண் முதலில் போவது அவர் முகத்துக்குத்தான். முடிவை டாக்டர் சொல்ல இரண்டு மூன்று நாள் ஆகும். ஆனால் படத்தைப் பார்த்த ஆள் இதோ எதிரிலேயே நிற்கிறார். யாருக்குத்தான் மனசு கேட்கும்? புருவம் ஏறினால் ஒரு அர்த்தம், இறங்கினால் ஒரு அர்த்தம், தொண்டையைச் செருமினால் குடும்பமே ஆடிப்போகும். அதனால் அவர் எதையும் ஏற்றுவதுமில்லை, இறக்குவதுமில்லை. "முடிஞ்சிருச்சு. மெதுவா எழுந்திருங்க. முடிவை டாக்டர் சொல்வாங்க." உடம்பெல்லாம் பரவிவிட்டவருக்கும் இதே மூன்று வாக்கியம், ஒன்றுமே இல்லாதவருக்கும் இதே மூன்று வாக்கியம். குரலில்கூட ஏற்ற இறக்கம் இருக்காது. பெரிய பெரிய ஆட்களெல்லாம் சாக்லேட் பெட்டியோடு வந்து குழைந்து பார்த்திருக்கிறார்கள். பெட்டி என் மேசைக்கு வந்து சேரும், அவ்வளவுதான்.

இந்த முகத்துக்கு ஒரு கதை உண்டு. ஒரு மதியம் வேலை குறைவாக இருந்தபோது, பத்து கேள்வி கேட்டு அரை பதில் வாங்கித்தான் அதைத் தெரிந்துகொண்டேன். அவர் இளைஞராக வேறோர் இடத்தில் வேலை பார்த்த காலம். கடைவாய்ப் பல்லில் வலி, கன்னம் வீங்கியிருக்கிறது. விடுமுறை கிடைக்கவில்லை. படம் எடுத்து முடித்து எழுந்த ஒரு பெண் அவருடைய கோணிய முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். முடிவை வாங்க வரவே இல்லை. படம் சுத்தம், அவள் உடம்பில் நோயின் நிழல்கூட இல்லை. அதைச் சொல்லலாம் என்று தேடிப் போனால், வீட்டைக் காலி செய்துவிட்டிருந்தாள். சாகப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு எங்கே போனாள், என்ன ஆனாள், இன்றுவரை தெரியாது. அந்த வாரமே இவர் பல்லைப் பிடுங்கிவிட்டார். முகத்தையும் கூடவே பிடுங்கிப் போட்டுவிட்டார் என்பது என் கட்சி.

அவர் வீட்டுக்கு நான் ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். காய்ச்சல் என்று வரவில்லை, மருந்து அலமாரிச் சாவி அவரிடம் மாட்டிக்கொண்டது. மூன்றாவது மாடி, கீழே சைக்கிள் ரிப்பேர் கடை. ஒரே அறை. கொடியில் ஒரே நிறத்தில் சட்டைகள், இடைவெளி பிசகாமல் கிளிப் போட்டுத் தொங்கின. சாப்பாட்டு மேசையை அலமாரிக் கண்ணாடியோடு ஒட்டிப் போட்டிருந்தார். ஒரு நாற்காலி, கண்ணாடியைப் பார்த்தபடி.

"எதுக்குண்ணா கண்ணாடிக்கு முன்னாடி மேசை?" என்று கேட்டேன்.

"ரூம் பெருசாத் தெரியும் சிஸ்டர்."

தினமும் ராத்திரி இந்த மனிதர் தன் எதிரிலேயே தான் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் தொண்டையில் எப்படி இறங்கும் என்று கேட்க வாய்வரை வந்தது. என் வாய் சும்மா இருக்காத வாய். அன்றைக்கு என்னவோ அடங்கிவிட்டது. சாவியை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது எனக்கு அழுகை வந்தது. அவருக்கு மனைவி என்று ஒருத்தி இருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அதற்கு மறு வருஷம் எங்கள் பிரிவுக்குத் துகள் வந்தது. நானோ துகள். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஆயிரம் துகள்களை வரிசையாக அடுக்கலாம் என்று ஆராய்ச்சி டாக்டர் சொன்னார். அந்தத் துகளுக்குள் ஸ்கேனில் தெரிகிற ஒளி இருக்கிறது, புற்றுநோயைக் கொல்லும் மருந்தும் இருக்கிறது, மேலே கட்டியை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு பசையும் இருக்கிறது. எங்கே நோய் என்று காட்டுவதும் அதுவே, போய் அடிப்பதும் அதுவே. "ஒரே கல்லில் இரண்டு மாங்காய்" என்று டாக்டர் நோயாளிகளிடம் சொல்லுவார். இன்னும் சோதனையில் இருந்த வைத்தியம்தான். மற்ற மருந்தெல்லாம் கைவிட்டவர்களுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள்.

ஆனால் எல்லாருக்கும் கிடைக்காது. முதலில் கொஞ்சமாக ஏற்றுவோம். மறுநாள் ஸ்கேன். கட்டி இருக்கிற இடத்தில் வெளிச்சம் தெரிந்தால், துகள் அங்கே போய் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம், முழு வைத்தியமும் உண்டு. கட்டி இருட்டாக இருந்தால், துகளுக்கு அந்த வீட்டில் இடமில்லை. மருந்தை ஏற்றினாலும் வேறெங்கோ போய் வேறெதையோ அடிக்கும். ஆகவே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எல்லாருக்குள்ளும் பளிச்சென்று தெரிவது கல்லீரல்தான். அது பந்திக்கு முந்துகிற ஆள், எதை அனுப்பினாலும் முதலில் தன் இலையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும். மிச்சம் இருப்பது கட்டிக்குப் போனால் உண்டு. "வெளிச்சம் வந்துச்சா?" என்பதுதான் எங்கள் நடைபாதையில் எல்லாரும் கேட்ட கேள்வி. பதில் தெரிந்த முதல் ஆள் சுவர். அந்த வருஷம் அவர் முகத்தை மக்கள் பார்த்த பார்வை எனக்கு இப்போதும் மறக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, ஐம்பதை ஒட்டிய ஒரு பெண் தன் தம்பியோடு வந்தாள். வயிற்றுக்குள் கட்டி. அறுவை செய்து எடுத்து, திரும்பி வந்து, இரண்டு விதமான மருந்தும் கேட்காமல் போய், இங்கே வந்திருந்தாள். மெலிந்த உடம்பு, ஆனால் வாய் எனக்கு ஈடு கொடுக்கிற வாய். உட்கார்ந்ததுமே என் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"சிஸ்டர், உங்க மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் இறங்கியிருக்கு. குடுங்க இப்படி."

வாங்கி, காதில் மாட்டும் கம்பியை லேசாக வளைத்து, திரும்ப என் மூக்கில் மாட்டிவிட்டாள். அத்தனை வருஷமாக உறுத்திய இடம் அன்றிலிருந்து உறுத்தவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை என்றாள். நாள் முழுவதும் வருகிறவர்களின் முகத்தில் மாட்டிப் பார்ப்பது.

"வாய் பரவாயில்லன்னு சொல்லும் சிஸ்டர், முகம் வேண்டாம்னு சொல்லும். நான் முகத்தைத்தான் நம்புவேன். இதுவரைக்கும் தப்பினதே இல்ல."

நரம்பு கிடைக்கவில்லை. பல முறை ஊசி குத்தப்பட்ட கை. நான் தட்டித் தட்டித் தேடிக்கொண்டிருந்தேன், அவள் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டில் யார் என்று கேட்டேன். தம்பி வீட்டில் இருக்கிறேன் என்றாள். பிறகு தானாகவே சொன்னாள்.

"எனக்கும் ஒருத்தர் இருந்தாரு. நல்ல மனுஷன்தான். குடி கிடையாது, அடி கிடையாது. ஆனா முகத்துல ஒண்ணும் தெரியாது. புதுசு உடுத்தினாலும் அதே முகம், கையில சூடு பட்டாலும் அதே முகம். என் அப்பா செத்தப்ப எல்லாரும் அழுறாங்க, இவரு கரண்ட் பில் கட்ட வந்தவர் மாதிரி நிக்கிறாரு. ஊர்ல எல்லார் முகத்தையும் படிக்கிறவ நான். வீட்டுக்கு வந்தா வெறும் பலகை."

"சண்டை போட்டுப் பார்க்கலையா?"

"ஒரு கை தட்டினா ஓசை வருமா? ஒருநாள் பெட்டியை எடுத்துட்டுக் கிளம்பினேன். வாசல் வரைக்கும் வந்தாரு. 'குடை எடுத்துக்கோ'ன்னாரு. அன்னைக்கு மழையே இல்ல சிஸ்டர்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். நரம்பு கிடைத்தது. அந்த நேரம் பார்த்து, துகளை ஏற்றுகிற நேரத்தைக் குறித்துக்கொள்ள நடுக்கதவு வழியாக சுவர் வந்தார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த தம்பி, முள்ளில் உட்கார்ந்தவன் போல எழுந்தான்.

"மாமா!"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மழை இல்லாத நாளில் குடை எடுத்துக்கொள்ளச் சொன்ன மனிதர் இவர்தான். அவர் வேறு ஊரில் இருப்பதாக அவள் நினைத்திருந்தாள். அவள் நோயைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் அவளைப் பார்த்தார், அவள் கையில் இருந்த ஊசியைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"காலையில ஒண்ணும் சாப்பிடலையே?" என்று கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்வி.

"இல்ல" என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பி, "நான் சொன்னேன்ல சிஸ்டர்? இவருதான்" என்றாள்.

அவர்கள் போனபிறகு அவர் என் கதவருகே வந்து நின்றார். "நாளைக்கு நான் லீவு போடலாமா?" என்று கேட்டார். அவர் லீவு கேட்டு நான் பார்த்ததில்லை. போட்டால் யார் ஓட்டுவது? இன்னொரு டெக்னீஷியன் மனைவிக்குப் பிரசவம் என்று போயிருந்தார். துகளின் ஒளியோ மணிக்கு மணி மங்கிக்கொண்டே போகிற சமாச்சாரம், தள்ளிப்போட்டால் படமே வராது. இதெல்லாம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். சும்மா கேட்டுப் பார்த்தார், பாவம்.

மறுநாள் அவளே தெம்பாக வந்தாள். மேசையில் படுக்க வைத்தோம். கை இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி வைக்க வேண்டும், அசையக்கூடாது. அவர் போர்வையை இழுத்துக் கால்வரை மூடினார். "குளிருதா?" என்று கேட்டார். அது அவர் வழக்கமாகக் கேட்கிற கேள்வி இல்லை. மேசை மெதுவாக வளையத்துக்குள் போனது. நாங்கள் கனத்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தோம். எனக்கு அங்கே வேலை இல்லை. இருந்தாலும் போகாமல் நின்றேன்.

முழு உடம்பும் எடுத்து முடிய நேரம் ஆகும். திரையில் படம் கீழிருந்து மேலாக வந்தது. சிறுநீர்ப்பை, குடல், பிறகு கல்லீரல், எரிகிற விளக்கு மாதிரி. பக்கத்தில் மண்ணீரல். கட்டி இருக்க வேண்டிய இடம் எனக்கே தெரியும், முந்தின படங்களை நானும் பார்த்திருந்தேன். அங்கே இருட்டு. அவர் வெளிச்சத்தைக் கூட்டினார். குறைத்தார். படத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். திரும்பவும் கூட்டினார். எத்தனை கூட்டினாலும் கல்லீரல்தான் இன்னும் பளிச்சென்று ஆனது. எந்த நோயாளிக்கும் அவர் இப்படிச் செய்து நான் கண்டதில்லை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியில் வயிற்றுப் பகுதிக்கு மட்டும், மூச்சைப் பிடிக்கச் சொல்லிச் சில படங்கள் எடுக்க வேண்டும். அவர் மைக்கை அழுத்தினார். "மூச்சை இழுங்க. பிடிங்க." படம். "விடுங்க." மறுபடி, "மூச்சை இழுங்க. பிடிங்க." மூன்றாவதோ நான்காவதோ படத்தில், இன்னும் தெளிவாக, இன்னும் கறுப்பாக அந்த இடம் திரையில் வந்து நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணா, மூச்சு!" என்று கத்தினேன்.

"விடுங்க, விடுங்க" என்றார் மைக்கில். உள்ளே அவள் இருமுகிற சத்தம் கேட்டது.

மேசை வெளியே வந்தது. அவர் உள்ளே போனார், நானும் பின்னால் போனேன். அவள் முகம் சிவந்து, கண்ணில் நீர் கோத்திருந்தது. கைகள் மரத்துப் போயிருந்தன, அவர்தான் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கீழே இறக்கினார். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இழுக்கச் சொன்னீங்க, பிடிக்கச் சொன்னீங்க, விடச் சொல்ல மறந்துட்டீங்க. நான் பாட்டுக்குப் பிடிச்சுட்டே கிடக்கிறேன். கல்யாணம் பண்ணினதுலேருந்து உங்க பேச்சை நான் கேட்டதே இதுதான் முதல் தடவை. அதுக்கே மூச்சு முட்டிப் போச்சு!"

அவர் சிரித்தார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள். நான் பக்கத்தில் நின்றேன், என் கண்ணால் பார்த்தேன். உதட்டில் தொடங்கி, கன்னம் ஏறி, கண் சுருங்கி, சத்தமாகச் சிரித்தார். பிடுங்கின கடைவாய்ப் பல்லின் காலி இடம் தெரிந்தது. அத்தனை வருஷம் பூட்டி வைத்தது எல்லாம் அந்த ஒரு வேடிக்கைப் பேச்சுக்கு அவிழ்ந்துவிட்டது. அவருக்கே அது தெரிந்திருக்காது.

அவள் பேச்சை நிறுத்தினாள். அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். கடையில் அவள் எப்படிப் பார்ப்பாளோ, அப்படித்தான் இருந்திருக்கும். மெதுவாக அவள் முகம் மலர்ந்தது.

"வந்திருச்சு" என்றாள். "வெளிச்சம் வந்திருச்சு, இல்ல?"

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "முடிஞ்சிருச்சு. மெதுவா எழுந்திருங்க. முடிவை டாக்டர்..."

"டாக்டர் சொல்லட்டும், சொல்லட்டும். உங்களுக்குச் சட்டம் இருக்கும், வாயைத் திறக்காதீங்க. முகம்தான் சொல்லிருச்சே!"

இல்லை என்று சொன்னால் முடிவைச் சொன்னதாகிவிடும். சொல்ல எங்கள் இருவருக்கும் அனுமதி இல்லை. அவள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வந்ததைவிட வேகமாக நடைபாதைக்குப் போனாள். "தம்பி! வந்திருச்சுடா!" என்ற குரல் கேட்டது. தம்பி உள்ளே ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு குலுக்கினான். "மாமா, மாமா" என்பதைத் தவிர அவனுக்கு வேறு வார்த்தை வரவில்லை. அவர் கை அவன் கைக்குள் செத்த மீன் மாதிரி கிடந்தது.

அவர்கள் போனதும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "போன் பண்ணிச் சொல்லுங்கண்ணா. சிரிச்சது படத்துக்காக இல்லன்னு சொல்லுங்க."

"எதுக்குன்னு கேட்பா. படம் எப்படின்னும் கேட்பா. என்ன சொல்றது?"

நான் கோபத்தோடு மாடிக்குப் போனேன். ஆராய்ச்சி டாக்டர் வெளியூர் போயிருந்தார், வியாழக்கிழமைதான் வருவார். இருந்த டாக்டரிடம், அந்த ஒரு நோயாளிக்கு மட்டும் முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். எல்லாரும் கூடிப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் எப்படிச் சொல்வது, நீங்கள் ஊசி வேலையைப் பாருங்கள் என்றார். நியாயம்தான். நியாயத்தை நினைத்து எனக்கு எரிந்த எரிச்சலில் படிக்கட்டுக் கைப்பிடியை ஒரு குத்துக் குத்தினேன். கைதான் வலித்தது.

புதன்கிழமை வேலை முடிந்ததும் அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போயிருக்கிறார். இதை அவரே வியாழன் காலை சொன்னார், கேட்காமலேயே சொன்னார். தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்றாராம். நோய் வந்த பிறகு அவள் கடைக்கு வருவதே இல்லையாம், அன்றைக்கு வந்திருக்கிறாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்களாம். அவள் பெரிய பெரிய சட்டம் போட்ட கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் தானே மாட்டிக் காட்டி, அவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாளாம்.

"உள்ள போகலையா?"

"போயிருந்தா அந்தச் சிரிப்பு நின்னிருக்கும் சிஸ்டர்."

"இன்னைக்கு நிக்காதா?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் இருக்கிறதே, அதை என்ன செய்ய. அவர் எந்திரத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

வியாழக்கிழமை அவளும் தம்பியும் டாக்டர் அறைக்குள் போனார்கள். அவள் நல்ல உடையில் வந்திருந்தாள். போகும்போது என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். நான் குனிந்து பஞ்சை எண்ணுகிற மாதிரி பாவனை செய்தேன். உள்ளே அதிக நேரம் ஆகவில்லை. தம்பிதான் முதலில் வெளியே வந்தான், யாரையும் பார்க்காமல் படிக்கட்டுப் பக்கம் போனான். பிறகு அவள் வந்து என் அறைக்கு எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை.

சுவர் தன் அறையைவிட்டு வெளியே வந்தார். நோயாளிகள் உட்கார்ந்திருக்கும்போது அவர் நடைபாதைக்கு வருவதே கிடையாது. வந்து அவளுக்கு எதிரில் நின்றார். அவள் தலை நிமிரவில்லை.

"அன்னைக்கு எதுக்குச் சிரிச்சீங்க?"

பேசித் தொலையுங்களேன் என்று எனக்கு மனசுக்குள் கத்தல்.

"நீ சொன்னியே" என்றார் கடைசியில். "என் பேச்சைக் கேட்டதே முதல் தடவை, அதுக்கே மூச்சு முட்டிப் போச்சுன்னு. அதுக்கு."

"படத்தைப் பார்த்து இல்லையா?"

"இல்ல. படம் எப்படின்னு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா சிரிச்சீங்க?"

"வந்திருச்சு. அடக்க முடியல. நீ பேசினா எனக்கு எப்பவுமே சிரிப்பு வரும். உள்ளயே வெச்சுக்குவேன்."

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அங்கே வழக்கம்போல ஒன்றும் இல்லை, அல்லது எனக்குத் தெரியவில்லை.

"அத்தனை வருஷம் உங்க முகத்துல எனக்குன்னு ஏதாவது வராதான்னு பார்த்துட்டே கிடந்தேன்" என்றாள். "வந்தப்ப, அது ரிப்போர்ட்டுன்னு நெனச்சிட்டேன்."

தண்ணீர் டம்ளரைப் பெஞ்சில் வைத்தாள். குரல் உடையவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ரெண்டு நாள் நல்லாத் தூங்கினேன், அதுவே போதும்னு சொல்லத்தான் ஆசை. முடியல. கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். தம்பி பொண்ணு துள்ளிக் குதிச்சா. இப்ப நான் போய் ஒவ்வொருத்தரா உட்கார வெச்சு மறுபடி சொல்லணும்."

"நான் வரட்டுமா? நான் சொல்றேன்."

"நீங்களா? நீங்க சொன்னா அவங்களுக்கு நல்லதா கெட்டதான்னே புரியாது." அந்த நிலையிலும் அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. எழுந்தாள். அவர் சட்டைப் பொத்தான் ஒன்று விலகியிருந்ததைத் தன்னையறியாமல் சரிசெய்தாள். "இனிமே இங்க வர்றவங்க யாருகிட்டயும் இப்படிச் சிரிச்சிடாதீங்க. தாங்காது."

"சரி" என்றார்.

தம்பி திரும்பி வந்தான். "போகலாம்க்கா" என்றான். அவர் பக்கம் திரும்பி, "வரேன் மாமா" என்றான், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல். இருவரும் நடைபாதையில் போய், திருப்பத்தில் மறைந்தார்கள். அவர் அந்தத் திருப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போனார். நடுக்கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததே இல்லை.

அடுத்த நோயாளி தயாராக இருந்தார். கையில் ஊசியோடு, படபடப்போடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். நான் கதவை மெல்லத் திறந்தேன். சுவர் கனத்த கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். உள்ளங்கைகளால் தன் கன்னங்களை அழுத்தி அழுத்திக் கீழே இழுத்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சிருச்சு" என்று சன்னமாகச் சொல்லிப் பார்த்தார். "மெதுவா எழுந்..." அதற்கு மேல் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

"அண்ணா, அவரை அனுப்பட்டுமா?" என்றேன்.

அவர் திரும்பவில்லை.

"கொஞ்சம் உட்கார வைங்க சிஸ்டர். முகம் இன்னும் சரியாகல."